தாள்களுக்கு ஓய்வு தேவை

அந்தத் தெருவில் தண்ணீர் நின்று இருபத்து மூன்று நாளாகியிருந்தது. குழாயைத் திருகினால் முதலில் ஒரு செருமல் கேட்கும், பிறகு ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். நீர்வழங்கல் அலுவலகத்தில் குழாய் பழுது பார்க்கும் பிட்டர் ஏழு இடத்தில் குழி தோண்டிப் பார்த்துவிட்டார். ஏழிலும் குழாய் கிண்ணென்று இருந்தது, தண்ணீர்தான் இல்லை. மண்ணுக்குள் எங்கேயோ ஒரு பழைய வால்வு மூடிக்கொண்டு கிடக்கிறது, அதைத் திறந்தால் தீர்ந்தது என்று அவருக்குத் தெரியும். எங்கே என்பதுதான் தெரியாது. அதைப் புதைத்தவர்களும் மண்ணுக்குள் போய்ப் பல காலமாகிவிட்டது.

வேறு தெருவாக இருந்திருந்தால் ஒரு லாரித் தண்ணீரை அனுப்பிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போயிருப்பார். ஆனால் அந்தத் தெருவில்தான் அவருடைய அக்கா சலவைக்கடை வைத்திருந்தாள். ஒரு மருத்துவமனையின் படுக்கை விரிப்புகள் அத்தனையும் அவளிடம்தான் வெளுக்க வரும். அடுத்த தெருவிலிருந்து குடம் குடமாகச் சுமந்து எத்தனை விரிப்பைத் துவைக்க முடியும்? வருகிற சனிக்கிழமைக்குள் பாக்கித் துணி வந்து சேராவிட்டால் வேறு கடை பார்த்துக்கொள்வதாக மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கடையை நம்பி அவளைத் தவிர ஆறு பெண்கள் இருந்தார்கள்.

"ஊருக்கெல்லாம் குழாய் மாட்டுறே" என்றாள் அக்கா. "கூடப் பொறந்தவ குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையறா. உன்னைப் பத்தி வெளியில பெருமையாத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன், கவலைப்படாதே."

மறுநாள் பிட்டர் அலுவலகத்துப் பரணில் ஏறி, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, பழைய பதிவேடுகளைக் கிளறினார். கடைசியாக ஒன்றில் ஒரே ஒரு வரி கிடைத்தது. 'இப்பகுதி வால்வுகளின் இருப்பிடம் அறிய, நகர நீர்க்குழாய் விளக்க நூல், பக்கம் 214 காண்க.'

அந்த நூலின் ஒரே பிரதி தொல்நூல் காப்பகத்தில் இருந்தது. காப்பகம் அதே தெருவின் கோடியில் இருந்தது. அரை மணி நேர வேலை என்று நினைத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை சைக்கிளை எடுத்தார்.

காப்பகத்தின் வாசலில் ஒரு காவலாளி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பதினோரு வருடமாக அதே முக்காலி, அதே இடம். அவர் ஒரு படிவத்தை நீட்டினார். 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில் பிட்டர் 'தண்ணீர்' என்று எழுதினார். காவலாளி அதைப் பார்த்ததும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த வார்த்தை உள்ள ஆகாது சார். 'அறிவு தேடி'ன்னு எழுதுங்க. எல்லாரும் அதான் எழுதுவாங்க."

பிட்டர் அறிவு தேடி உள்ளே போனார்.

உள்ளே தரையிலிருந்து கூரை வரை பெட்டிகள். ஒவ்வொன்றும் ஊருக்குப் போகிறவர் தூக்கிக்கொண்டு போகிற சூட்கேஸ் அளவு. நடக்கிற வழியில் பெட்டி, சன்னலை மறைத்துப் பெட்டி, வாசகர் மேசை மேலும் பெட்டி. அவற்றுக்கு நடுவே, பெட்டிகளுக்கு எண் எழுதுகிற வேலையில் பத்தொன்பது வருடமாக இருக்கும் ஓர் அம்மாள் இருந்தார். எல்லாரும் அவரைப் பெட்டியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பிட்டர் கேட்ட நூலை அவர் இரண்டு நிமிடத்தில் கொண்டுவந்து வைத்தார். கனமான தோல் அட்டை. திறந்தால் உள்ளே முன்னுரை மட்டும் இருந்தது.

மற்ற பக்கங்கள் எங்கே என்று பிட்டர் கேட்டார். உதிர்ந்துவிட்டன என்றார் பெட்டியம்மா. உதிர்ந்ததைச் சேர்த்து வைக்கவில்லையா என்று கேட்டதற்கு, அவர் கதவைப் பார்த்துக்கொண்டே விளக்கினார்.

பழைய புத்தகத்திலிருந்து ஒரு தாள் உதிர்ந்தால், அந்தக் கணத்திலிருந்து அது ஒரு தனி நூல். அதற்குத் தனி எண், தனிப் பெட்டி, தனி அட்டை. இப்போதைய இயக்குநர் பொறுப்புக்கு வந்தபோது காப்பகத்தில் இருந்தவை தொண்ணூற்று நான்கு நூல்கள். இன்றைக்குப் பதினோராயிரத்து நானூற்று எட்டு. நாட்டில் வேறெந்தக் காப்பகமும் இப்படி வளர்ந்ததில்லை. இதற்காக இயக்குநருக்கு மூன்று முறை பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள்.

"அப்ப திரும்பத் தைச்சு வெச்சா?"

"நூல் குறைஞ்சிடுமே" என்றார் பெட்டியம்மா. அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. பத்தொன்பது வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் வருகிற முகம் அது.

214ஆம் பக்கம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதற்குப் பட்டியல் உண்டா என்று கேட்டார் பிட்டர். உண்டு. நீளம், அகலம், எடை, ஓரத்துக் கிழிசலின் வடிவம், பழுப்பின் அளவு எல்லாம் அதில் இருந்தன. பழுப்பு மட்டும் முப்பத்தாறு வகை. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது இல்லை. அதை எழுதவேண்டுமானால் யாராவது படிக்கவேண்டும். படிப்பது விதிகளின்படி 'பயன்பாட்டுச் சேதம்'.

எப்படியோ பெட்டியம்மா எண்ணைச் சொல்லிவிட்டார். எப்படித் தெரியும் என்று பிட்டர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. விண்ணப்பம் எழுதியாயிற்று. அடுத்தது கை கழுவுதல். தாளைக் கேட்பவர் ஓடும் நீரில் இரண்டு நிமிடம் கை கழுவி அதற்குச் சான்றிதழ் பெறவேண்டும். மாடியில் இதற்கென்றே ஆறு குழாய்கள் இருந்தன. ஆறும் திறந்தபடி இருந்தன. அவற்றின் கீழிருந்த தொட்டிகளில் படிவங்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள், காலியாக இருக்கிற இடத்தை வீணாக்குவானேன் என்று. சுவரில் ஒரு பதிவேடு தொங்கியது. தினமும் காலை பத்து மணிக்குக் குழாயைத் திறந்து பார்த்து ஒருவர் 'நீர் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். இருபத்து மூன்று கையெழுத்துகள். குழாயை மூடவேண்டும் என்று விதியில் இல்லை.

"தண்ணி வரலைன்னு நீங்களும் புகார் குடுத்திருக்கலாமே" என்றார் பிட்டர்.

கொடுத்தார்களாம். அந்தப் புகார் பழமையான ஆவணமாக ஆனபிறகு அதை அனுப்புவதாக முடிவாகியிருக்கிறதாம்.

பிட்டர் அக்கா கடைக்குப் போய், அவள் முறைப்பையும் வாங்கிக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தார். வாளியில் இருப்பது நிற்கும் நீர், ஓடும் நீர் அல்ல என்று சான்றிதழ் தரும் எழுத்தர் மறுத்துவிட்டார். பெட்டியம்மா ஒரு குவளையில் மொண்டு பிட்டரின் கைமேல் சாய்த்தார். "ஓடுது பாருங்க" என்றார். எழுத்தர் குனிந்து பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு நிமிடம் ஓடியதும் முத்திரை குத்தினார்.

சான்றிதழோடு பிட்டர் இயக்குநரின் அறைக்குள் நுழைந்தார். இயக்குநர் நல்ல மனிதர். எழுந்து நின்று வணக்கம் சொன்னார், உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். பிறகு பேசத் தொடங்கினார்.

"பழைய தாளுக்கு மூணு எதிரி. நீர், நெருப்பு, வாசகர். முதல் ரெண்டும் எப்பவோ ஒருதரம் வரும். மூணாவது தினம் காலையில பத்து மணிக்கு வந்து வாசல்ல நிக்குது. நான் உங்களைச் சொல்லலை."

"நான் படிக்க வரலைங்க. ஒரு அளவு மட்டும் பாக்கணும். தெருவுக்கே தண்ணி இல்லை."

"பாக்குறதும் ஒருவிதத்துல படிக்கிறதுதான். ஒரு கண்ணு பட்டாலே தாள் களைச்சுப்போயிடும். அதனாலதான் ஒருதரம் வெளிய எடுத்த தாளுக்கு ஆறு மாசம் ஓய்வு குடுக்கிறோம். இந்த மாதிரி வேற எங்கயும் கிடையாது."

அவர் பட்டியலைப் புரட்டினார். பிட்டர் கேட்ட தாள் போன வாரம்தான் வெளியே எடுக்கப்பட்டிருந்தது. அதை யார் கேட்டார்கள் என்று பிட்டர் விசாரித்தார்.

"யாரும் கேக்கலை. ஒழுங்கா ஓய்வெடுக்குதான்னு பாக்கிறதுக்கு நாங்கதான் எடுத்தோம்" என்றார் இயக்குநர். "அதனால இப்ப மறுபடி ஆறு மாசம்."

ஆறு மாதத்துக்குப் பிறகு மறுபடி எடுத்துப் பார்ப்பீர்களா என்று பிட்டர் கேட்டார். கண்டிப்பாக, அதில் எந்தத் தளர்வும் கிடையாது என்று இயக்குநர் உறுதியளித்தார். விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு சாதாரண மனிதர் இவ்வளவு ஆர்வம் காட்டுவது அவர் நெஞ்சை நிறைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை காப்பகத்தின் ஆண்டுவிழாவுக்குக் குடும்பத்தோடு வரச்சொல்லி அழைப்பிதழும் கொடுத்தார்.

பிட்டர் வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். முப்பது வருடமாக அடைத்த குழாய்களோடு மல்லுக்கட்டியவர். எந்த அடைப்பானாலும் ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் எங்கேயாவது ஒரு பக்கம் திறந்துகொள்ளும். இந்த மாதிரி அடைப்பை அவர் பார்த்ததில்லை. அக்காவிடம் போய் என்ன சொல்வது? மூன்று நாள் அவர் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. பக்கத்துத் தெருக்களில் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் இன்னும் இரண்டு குழி தோண்டினார். அவற்றிலும் குழாய் நன்றாகவே இருந்தது.

வியாழக்கிழமை மதியம், அலுவலக வாசலில் பெட்டியம்மா வந்து நின்றார். வெயிலில் நடந்து வந்ததில் முகம் சிவந்திருந்தது. நாளைக்கு விழா என்பதால் எல்லாரும் மேடை கட்டுகிற இடத்தில் இருக்கிறார்கள், உடனே வரச்சொன்னார்.

"நேத்து முழுக்க விதிப் புத்தகத்தைப் படிச்சேன். வாசகர் தாளைத் தொடக்கூடாது, பாக்கக்கூடாது, பக்கத்துல மூச்சுவிடக்கூடாதுன்னு இருக்கு. கேக்கக்கூடாதுன்னு எங்கயும் இல்லை."

"தாளை எடுத்தா நீங்க மாட்டிக்குவீங்களே?"

"எடுக்க வேண்டியதில்லை" என்றார். சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. "எனக்கு மனப்பாடம்."

பெட்டியில் வைக்குமுன் ஒவ்வொரு தாளையும் ஒருமுறை படித்துவிடுவாராம். முதல் வருடம் பயந்து பயந்து, அப்புறம் பழகிப்போயிற்றாம். பிடித்ததை இரண்டாம் முறையும் படிப்பாராம். பத்தொன்பது வருடத்தில் இதை ஓர் ஆளிடம் கூடச் சொன்னதில்லை. பதினோராயிரம் பெட்டியில் எந்தக் கதையின் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று அவருக்கு அத்துப்படி. இருந்தாலும் அளவு சொல்வதில் ஒரு விரற்கடை தவறக்கூடாது என்று, காப்பகத்துக்குப் போனதும் அவர் அலமாரியின் ஒரு பக்கம் நின்று தாளைப் பிரித்துக்கொண்டார். பிட்டர் மறுபக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைகழுவல் சான்றிதழின் பின்பக்கத்தில் பென்சிலைப் பிடித்துக்கொண்டார்.

பெட்டியம்மா வாசிக்கத் தொடங்கினார். 'குதிரைகள் நீரருந்தும் கல்தொட்டியின் கீழ்மூலையிலிருந்து நேர்கிழக்கே பதினான்கு அடியும் ஐந்து அங்குலமும் அளந்தால், இரும்பு மூடியொன்று காணப்படும். அதன் கீழுள்ள திருகை இடப்புறமாகப் பதினொரு சுற்றுச் சுற்றுக.' அவர் நிறுத்தவில்லை. அடுத்த பத்தி, அதற்கடுத்த பத்தி, அந்த வால்வை வார்த்த கொல்லன் சம்பளம் போதாமல் கோபித்துக்கொண்டு போன கதை வரைக்கும் வாசித்தார். தேவையானது முதல் பத்தியிலேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் பிட்டர் கொல்லன் திரும்பி வருகிற வரையில் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

கல்தொட்டி எது என்று அவருக்குத் தெரியும். காப்பக வாசலில் அதில்தான் பூச்செடி வைத்திருந்தார்கள். அங்கிருந்து பதினான்கு அடி ஐந்து அங்குலம் அளந்தார். நாடா காவலாளியின் முக்காலியில் போய் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை பிட்டரும் இரண்டு கூலியாட்களும் வந்தபோது, முக்காலியை நகர்த்தக் காவலாளி முதலில் சம்மதிக்கவில்லை. வால்வு இத்தனை வருடமும் அவர் பாதுகாப்பில்தான் இருந்திருக்கிறது என்று பிட்டர் எடுத்துச் சொன்னதும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவரே முக்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தார். இரண்டடி ஆழத்தில் இரும்பு மூடி தட்டுப்பட்டது. துரு ஏறிய திருகு முதல் சுற்றுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. இரண்டாவது சுற்றிலிருந்து வெண்ணெயாகத் திரும்பியது. பதினோராவது சுற்றில் மண்ணுக்கடியில் யானை உறுமுவதுபோல ஒரு சத்தம் தெருக்கோடி வரை ஓடியது. சலவைக்கடைப் பக்கமிருந்து ஆறு பெண்களும் ஒரே குரலில் கூவினார்கள். பிட்டர் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் ஏதோ துரு விழுந்துவிட்டதாகக் கூலியாட்களிடம் சொல்லிக்கொண்டார்.

அதே நேரத்தில் காப்பகத்துக் கூடத்தில் இயக்குநர் மேடையில் இருந்தார். வெளியூர் அதிகாரிகள் நான்கு பேர் முன்வரிசையில் இருந்தார்கள்.

"இந்த ஆண்டு நம்மிடம் ஒரு வாசகர்கூட ஒரு தாளைக்கூடப் பார்க்கவில்லை" என்று அவர் அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. "வரும் ஆண்டில் இதை இன்னும் குறைக்க முயல்வோம்" என்றார்.

மாடியில் ஆறு குழாயும் முழுவேகத்தில் கொட்டின. படிவக் கட்டுகள் போக்குவாயை அடைத்துக்கொண்டன. தொட்டிகள் நிரம்பி, தண்ணீர் படிக்கட்டில் பெருமிதமாக இறங்கி வந்தது. முன்வரிசை அதிகாரி ஒருவர் காலைத் தூக்கிக்கொண்டார். இயக்குநர் பேச்சை நிறுத்தவில்லை. நீரைப் பற்றிய பகுதிக்கு அவர் இன்னும் வரவில்லை.

பிட்டர் ஓடிவந்து மாடிக்குப் பாய்ந்து ஒவ்வொரு குழாயாக மூடினார். அதற்குள் கூரையில் ஊறிய தண்ணீர் அலமாரிகள்மேல் சொட்டத் தொடங்கிவிட்டது. தாள்களை வெளியே கொண்டுபோக வேண்டும் என்றார் பெட்டியம்மா. அவசரகால வெளியேற்றப் படிவத்தைப் பூர்த்தி செய்யச் சொன்னார் இயக்குநர். எழுத்தர் தேடிப் போனார். அது மூன்றாம் தொட்டியில், கூழாகிக் கிடந்தது.

பெட்டியம்மா ஒரு பெட்டியைத் திறந்து, தாளை வெறுங்கையால் எடுத்து, சேலைத் தலைப்பில் வைத்து மூடிக்கொண்டு தெருவுக்கு நடந்தார். திரும்பி வரும்போது பிட்டரின் அக்காவும் ஆறு பெண்களும் துணிக்கூடைகளோடு கூட வந்தார்கள். பின்னால் தெருவே வந்தது. பெட்டியோடு தூக்கினால் ஒரு ஆளுக்கு ஒன்று. தாளை மட்டும் எடுத்தால் ஒரு கூடைக்கு இருநூறு. சாயங்காலத்துக்குள் கட்டடத்தில் பெட்டிகள் மட்டும் மிஞ்சின.

நனைந்த தாள் ஐந்நூறு கூட இருக்காது. இதெல்லாம் அந்தக்காலத்துக் காகிதம், பழந்துணியை அரைத்துச் செய்தது என்று பெட்டியம்மா கவலையோடு சொன்னார்.

"துணிதானா" என்றாள் அக்கா. "அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

ஈரத்தாளை விரிப்புகளுக்கு நடுவே வைத்து ஒற்றி எடுத்து, நிழலில் கொடி கட்டி, விரிப்போடு விரிப்பாகத் தொங்கவிட்டாள். மருத்துவமனைத் துணி சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளை வெளேரென்று போய்ச் சேர்ந்தது. ஒன்றில் மட்டும் 'இரண்டாம் அதிகாரம்' என்று லேசாக அச்சு விழுந்திருந்ததாம். நோயாளி அதைப் படித்துவிட்டு முதலாம் அதிகாரம் கேட்டாராம்.

காய்ந்த தாள்களும் நனையாத தாள்களும் வீட்டுக்கு வீடு இடம் தேடிப் போயின. கையில் ஒரு தாள் இருந்தால் மனிதர் என்ன செய்வார்? படித்தார்கள். படித்தவர்களுக்கு அடுத்த தாள் வேண்டியிருந்தது. இரண்டாம் நாளே தெருவில் நடமாட்டம் அதிகமாகிவிட்டது. எதிர்வீட்டு மாடியைப் பார்த்து, விஷம் வைத்தது யார் என்பது உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். தையற்காரர் ஒரு கப்பலைப் பாதிக் கடலில் விட்டுவிட்டுத் துணி வெட்ட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். பெட்டியம்மா வீடுவீடாக ஓடி, இது அங்கே, அது இங்கே என்று சேர்த்துவைத்தார். அவர் சத்தமாகச் சிரிப்பதைக் காப்பகத்துக் காவலாளி அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார். எட்டாம் நாள் எழுபத்தொரு புத்தகம் முழுதாகி, அக்கா வீட்டு அலமாரியில் கெட்டி நூலால் தைத்து வைத்திருந்தது.

ஒன்பதாம் நாள் இயக்குநரே வந்தார். பிட்டருக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் கொண்டுவந்திருந்தார். அவரால் இதுவரை எட்டாயிரத்துச் சொச்சம் நூல்கள் அழிந்திருப்பதாகவும், இந்த வேகத்தில் போனால் மாத முடிவுக்குள் காப்பகத்தில் வெறும் தொண்ணூற்று நான்கு நூல்களே எஞ்சும் என்றும், பதினைந்து நாளுக்குள் விளக்கமளிக்காவிட்டால் வேலைக்கே ஆபத்து என்றும் அதில் இருந்தது.

பிட்டர் அக்கா கடையில் ஒரு கசிவைச் சரிசெய்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். இயக்குநர் கொடிகளுக்கு நடுவே நின்று காத்திருந்தார். மூக்குக்கு நேரே, தைப்பதற்காக வரிசைப்படுத்தித் தொங்கவிட்டிருந்த ஒரு தாள் ஆடிக்கொண்டிருந்தது. அது ஆடாமல் இருக்க ஓரத்தைப் பிடித்தார். பிடித்ததும் கண் அதன்மேல் போயிற்று. தன் வீட்டில் நடந்த திருட்டைத் தானே விசாரிக்கிற ஒரு நீதிபதியின் கதை அது. அடுத்த தாளுக்கு நகர்ந்தார். அதற்கடுத்ததற்கும் நகர்ந்தார். பிட்டர் வந்து பக்கத்தில் நின்றதை அவர் கவனிக்கவில்லை. ஐந்தாவது தாளின் கடைசி வரியில் நீதிபதியின் மனைவி அலமாரியின் சாவியைப் போட்டுத் திருகிக் கதவைத் திறந்தாள். உள்ளே, என்பதோடு தாள் முடிந்திருந்தது.

அடுத்த கிளிப்பில் ஒரு தலையணை உறை தொங்கியது. இயக்குநர் அதன் பின்னாலும் பார்த்தார். பிறகு பிட்டரிடம் திரும்பினார்.

"உள்ள என்ன இருந்துச்சு?"

தெரியாது என்றார் பிட்டர். இஸ்திரி மேசையிலிருந்து ஒரு பெண் நிமிராமலே கையைத் தூக்கினாள்.

"அடுத்தது என்கிட்ட இருக்கு சார். நான் இன்னும் முடிக்கலை, கொஞ்சம் உக்காருங்க."

இயக்குநர் சுற்றிலும் பார்த்தார். கையிலிருந்த கடிதத்தைத் துவைக்கவேண்டிய விரிப்புக் குவியல்மேல் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.